முதல் தடவை பையைத் தூக்குகிறவருக்கு: கொழும்பிலிருந்து குறைந்த காசில் தாய்லாந்து

பன்னிரண்டு நாள் தாய்லாந்து போய்வர எனக்கு இரண்டரை இலட்சம் ரூபாய் முடிந்தது. அதில் 27,500 ரூபாய் சும்மா போன காசு. டிக்கெட்டில் பெயரைப் பிழையாகப் போட்டதற்குத் திருத்தக் கட்டணம் 12,000. பை நிறை கூடியதற்கு 9,000. மாற்றக் கூடாத இடத்தில் காசு மாற்றியதில் 3,500. வேறொரு ரயில் நிலையத்துக்குப் போய் நின்று, அங்கிருந்து டாக்ஸி பிடித்ததில் 3,000. அந்தக் காசுக்குப் பாங்கொக்கில் பத்து இரவு படுத்திருக்கலாம்.

முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கத்தான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான், பிஸ்கட் பக்கெட்டுகளோடு கிளம்பினேன். ஆனால் என் 27,500 இல் முக்கால்வாசி கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டும் முன்பே போய்விட்டது. அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி வீட்டிலிருந்து செய்யும் வேலைகளைப் பற்றித்தான் இருக்கும். வெள்ளவத்தையில் அறை எடுத்து மாதச் சம்பளத்தில் ஓட்டுகிற ஒருவருக்குச் சொல்வதுபோலவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் அந்த ஆள்தான்.

1. கடவுச்சீட்டு: முதலில் பெயரைப் பாருங்கள்

விண்ணப்பத்துக்கு முன்பு பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து யாரோ ஒருவர் அன்றைக்கு நினைத்தபடி இருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருக்கும். ‘தர்ஷினி’யில் ‘டி’க்குப் பின்னால் ‘எச்’ உண்டா இல்லையா என்பது வீட்டில் பெரிய விசயம் இல்லை. கடவுச்சீட்டில் பெரிய விசயம். வித்தியாசம் இருந்தால் சத்தியக் கடதாசியோ திருத்தமோ கேட்கலாம். அதற்கு வாரக்கணக்கில் நேரம் விடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக:

- படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இணையத்தில் அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்க வேண்டாம்.
- பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டுக்கும் மூலமும் பிரதியும் வேண்டும்.
- 2024 பெப்ரவரியில் கூட்டிய கட்டணப்படி சாதாரண சேவை 10,000 ரூபாய், ஒருநாள் சேவை 20,000 ரூபாய். மூன்று மாதம் முன்பே தொடங்கினால் அந்தப் பத்தாயிரம் உங்களுடையது.
- குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லை சுகுருபாயவில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் அந்தப் பக்கம்தான் போகிறது. இணையத்தில் நாளும் நேரமும் பதிவு செய்துவிட்டுப் போங்கள். போயா தினத்தில் பூட்டு என்பதைக் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கடவுச்சீட்டு இருக்கிறதா? சரி, காலாவதித் திகதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் விமானத்தில் ஏற்றாமல் விட்டுவிடுவார்கள்.

2. நாட்டை விசாவைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

எங்கள் கடவுச்சீட்டுக்கு எல்லாக் கதவும் திறப்பதில்லை. திறக்கிற சிலது பக்கத்திலேயே இருக்கின்றன. சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, ஆனால் ஒரு இரவுப் படுக்கைக்கே அழ வைக்கும். மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் விசா இலவசம். நேபாளம் சார்க் நாட்டவருக்கு வருடத்தின் முதல் பயணத்தில் 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. மலை ஏறுகிற ஆசை இருந்தால் அதுதான் நல்ல தெரிவு.

தாய்லாந்து 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் தங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கையையும் சேர்த்தது. இப்படியான சலுகைகள் வந்த மாதிரியே போகவும் செய்யும். டிக்கெட்டுக்குக் காசு கட்டுகிற அன்றைக்கே தூதரகத்தின் இணையத்தளத்தை ஒரு தடவை பாருங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பிக் காசு கட்ட வேண்டாம். அந்த நண்பர் நானாக இருந்தாலும் சரி.

இந்தியாவுக்குக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறதா என்று பலர் கேட்கிறார்கள். 2024 ஓகஸ்டிலிருந்து திரும்ப ஓடத் தொடங்கியது. ஆனால் வட கீழ்ப் பருவமழைக் காலத்தில் நிற்கும். இ-விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லாது. இந்த இரண்டையும் உறுதி செய்யாமல் யாழ்ப்பாண ரயிலில் ஏற வேண்டாம்.

3. எப்போது போவது

சித்திரை வருடப் பிறப்புக்கு எங்களுக்கு நீண்ட லீவு கிடைக்கும். உடனே எல்லோருக்கும் வருகிற யோசனை, அப்போதே போய்விட்டு வந்தால் என்ன என்பது. அதே நாட்களில்தான், ஏப்ரல் 13 முதல் 15 வரை, தாய்லாந்திலும் சொங்க்ரான் புத்தாண்டு. பஸ், ரயில், படுக்கை எல்லாம் நிரம்பிவிடும், விலையும் ஏறிவிடும். தண்ணீர் அடித்து விளையாட ஆசை என்றால் போங்கள், குறைந்த காசு என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வானிலை நல்லது, விலை அவ்வளவு நல்லதில்லை. மே முதல் ஒக்டோபர் வரை மழை. பெரும்பாலும் பின்னேரத்தில் ஒரு பாட்டம் அடித்துவிட்டு விட்டுவிடும், ஹொஸ்டல்கள் மலிவு. கொழும்பு மழையில் வளர்ந்தவருக்கு இது ஒரு மழையா? நான் ஜூனில் போனேன். வடக்கே சியாங் மாய் போகிற எண்ணம் இருந்தால் பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தவிருங்கள். வயல், காடு எரிக்கிற புகையில் மலையே தெரியாது.

4. டிக்கெட்: என் 12,000 ரூபாய் போன இடம்

இரவு பதினொரு மணி, மலிவு விலை ஒன்று வந்திருக்கிறது, இன்னும் பத்து நிமிடத்தில் போய்விடும் என்று திரை சொல்கிறது. நான் அவசரத்தில் என் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டேன், அப்பாவின் பெயரை மற்றக் கட்டத்தில் போட்டேன். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. என்னை எல்லோரும் கூப்பிடுகிற பெயர் என் பெயர்தானே? கடவுச்சீட்டில் நேர்மாறாக இருக்கிறது. அடுத்த நாள் காலை வாடிக்கையாளர் சேவையோடு நாற்பது நிமிடம் பேசி, கெஞ்சி, கடைசியில் காசு கட்டித்தான் மாற்றினேன்.

கடவுச்சீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் குடும்பப் பெயர் என்ற வரியில் என்ன இருக்கிறதோ அதுதான் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு. அப்பாவின் பெயரா, தாத்தாவின் பெயரா என்று யோசிக்கவே வேண்டாம். தலைப்பெழுத்துச் சுருக்கமும் வேண்டாம். பெயர் நீளமாகிக் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் காசு கட்டும் முன்பே நிறுவனத்திடம் கேளுங்கள்.

இன்னொரு பொறி, தனித்தனி டிக்கெட்டுகள். கொழும்பிலிருந்து கோலாலம்பூர் ஒரு நிறுவனம், அங்கிருந்து பாங்கொக் இன்னொரு நிறுவனம், இரண்டையும் கூட்டினால் நேரடி டிக்கெட்டைவிட மலிவு என்று தேடல் தளம் காட்டும். ஒரே பதிவாக இல்லாவிட்டால் கோலாலம்பூரில் வெளியே வந்து பையை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். வெளியே வர மலேசியா விசா வேண்டும், எங்களுக்கு அது முன்கூட்டி எடுக்க வேண்டியது. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. முதல் பயணத்துக்கு நேரடி விமானமே எடுங்கள். கைப்பை மட்டும் என்ற கட்டணத்தில் போகவர எனக்கு எழுபதாயிரத்துக்குள் வந்தது, இரண்டு மாதம் முன்பே எடுத்ததால்.

திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். ஒருவழி டிக்கெட்டோடு போனால் கட்டுநாயக்காவில் செக்-இன் மேசையிலேயே மறித்துவிடுவார்கள்.

5. ஏழு கிலோ

மலிவுக் கட்டணத்தில் பெரும்பாலும் 7 கிலோதான் கைப்பைக்கு. பையின் சொந்த நிறையும் அதற்குள். நான் நல்ல பை என்று வாங்கிய 50 லீட்டர் பை வெறுமையாகவே இரண்டு கிலோவுக்குக் கிட்ட. வீட்டில் குளியலறைத் தராசில் பையோடு ஏறி நின்று, என் நிறையைக் கழித்துப் பார்த்தேன், 7 என்றுதான் காட்டியது. விமான நிலையத் தராசில் 9.4. தராசு பொய் சொல்லவில்லை. கிளம்பும் நேரத்தில் அம்மா பக்கப் பைக்குள் பருத்தித்துறை வடை ஒரு கிலோவும், மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றும் தள்ளியிருந்தா. வரிசையில் எல்லோரும் பார்க்க நிலத்தில் குந்தியிருந்து இரண்டு டீ-சேர்ட்டை மேலே மேலே போட்டுக்கொண்டேன், சார்ஜரை ஜீன்ஸ் பையில் திணித்தேன். அப்படியும் அடங்கவில்லை. வடையை எறிய மனம் வரவில்லை. 9,000 ரூபாய் கட்டினேன். அதுதான் நான் வாழ்நாளில் சாப்பிட்ட விலை கூடிய வடை.

30 முதல் 35 லீட்டர் பை போதும். தொங்கவிடும் சின்னத் தராசு புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்குங்கள். பை பூட்டிய பிறகு, அம்மா தூங்கிய பிறகு, கடைசியாக ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். நாலு டீ-சேர்ட், இரண்டு காற்சட்டை, ஒரு சாரம் எனக்குப் போதுமாக இருந்தது. சாரம் துவாயாகும், போர்வையாகும், டோர்மில், அதாவது பலர் சேர்ந்து படுக்கிற ஹொஸ்டல் அறையில், கட்டிலுக்குத் திரையும் ஆகும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எங்கள் மூன்று முள் பிளக் அங்கே ஏறாது, ஒரு அடப்டரும் புறக்கோட்டையிலேயே வாங்குங்கள். இ-சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம், இங்கேயே விட்டுப் போங்கள்.

6. காசு

தாய்லாந்துக் காசு பாத். மனக்கணக்குக்கு ஒரு பாத்தை பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். உண்மை விலை கொஞ்சம் குறைவு, ஆனால் கூட்டிக் கணக்குப் போட்டால் கை தானாகச் சுருங்கும். டிக்கெட் தவிர்த்துப் பன்னிரண்டு நாளுக்கும் 16,000 பாத் செலவானது.

கொழும்பில் பாத் வாங்கத் தேவையில்லை, அமெரிக்க டொலராக வாங்குங்கள். வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கோட்டையிலோ அனுமதிப் பத்திரம் உள்ள நாணயமாற்றுக் கடைக்குக் கடவுச்சீட்டு, டிக்கெட் இரண்டையும் கொண்டு போங்கள், பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். முதல் நாளுக்கு ஒரு சின்னத் தாள் தவிர மற்றதெல்லாம் நூறு டொலர்த் தாள்களாகவே எடுங்கள், சின்னத் தாளுக்கு அங்கே விலை குறைவு. ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்பு கிழிந்தது, பேனாக் கோடு போட்டது, முத்திரை குத்தியது எதுவும் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பாங்கொக்கில் இறங்கியதும் வருகை மண்டபத்தில் கண்ணில் படுகிற முதல் மேசையில் முழுவதையும் மாற்ற வேண்டாம். நான் மாற்றினேன். நகருக்குள் பார்த்த விலையோடு ஒப்பிட்டால் 3,500 ரூபாய் நட்டம். பஸ்ஸுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் மட்டும் ஒரு சின்னத் தாளை மாற்றிவிட்டு மிச்சத்தை நகரில் மாற்றுங்கள்.

அப்புறம் அட்டை. கிளம்பும் முன்பு வங்கி செயலியிலோ கிளையிலோ வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அங்கே ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் வெளிநாட்டு அட்டைக்குப் பிடிக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கக் கூடாது. ரூபாயிலா பாத்திலா என்று இயந்திரம் கேட்டால் பாத் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போட்ட விலைதான் உங்களுக்கு. இன்னொன்று, காசு கட்டும்போது வங்கி அனுப்பும் ஓடிபி, அதாவது ஒருதடவை இரகசிய எண், உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும். ரோமிங்கை இங்கேயே திறந்து, டேட்டாவை மட்டும் மூடிவிடுங்கள். இது தெரியாமல் ரயில் டிக்கெட்டுக்குக் காசு கட்ட முடியாமல் அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

7. ஒரு கோப்பு, பத்துத் தாள்

தொலைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அச்சடித்து ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போடுங்கள்:

- போகவர டிக்கெட்
- முதல் சில இரவுகளின் ஹொஸ்டல் பதிவு
- நாளுக்கு ஒரு வரியாக எங்கே போகிறீர்கள் என்ற பயணத் திட்டம்
- வேலைத்தலத்தின் கடிதம், லீவு அனுமதியோடு. படிப்பவர் என்றால் பல்கலைக்கழகக் கடிதம்
- கடைசி மூன்று மாத வங்கிக் கூற்று
- காப்புறுதிப் பத்திரம்
- தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை

அந்த வருகை அட்டை 2025 மே முதல் கட்டாயம். வந்திறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. தேடினால் காசு கேட்கிற தளங்களும் வரும். அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். முகவரி ‘ஜி-ஓ புள்ளி டி-எச்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு தாள் எதற்கு? தனியாகப் போகிற இளம் ஆளைக் கட்டுநாயக்காவிலேயே கேள்வி கேட்பார்கள். வேலை தருகிறோம் என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் எங்கள் நாட்டுப் பிள்ளைகளை அடைத்து வைத்த கதை உங்களுக்கும் தெரியும். அதனால் கேட்கிறார்கள், கோபப்பட ஒன்றுமில்லை. என்னிடம் கேட்டது மூன்று கேள்விதான்: எதற்குப் போகிறீர்கள், என்ன வேலை, எப்போது திரும்புகிறீர்கள். நான் வாய் திறக்கும் முன்பே வேலைத்தலக் கடிதத்தை நீட்டினேன், அதற்கு மேல் கேட்கவில்லை. யாராவது விமானச் செலவு தருகிறோம், அங்கே கணினி வேலை இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பயணத்தைப் போகவே வேண்டாம்.

தாய்லாந்து அதிகாரிகள் கையிலுள்ள காசையும் காட்டச் சொல்லலாம். ஆளுக்கு 20,000 பாத் பெறுமதியான டொலர் கையில் இருந்தால் பயமில்லை. செலவழிக்க வேண்டும் என்றில்லை, காட்ட இருந்தால் போதும்.

காப்புறுதி சில ஆயிரம் ரூபாய். அங்கே ஸ்கூட்டர் ஓட எண்ணம் உண்டா? கொள்ளுப்பிட்டியில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள். உங்கள் உள்ளூர் அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்பு இருந்தால்தான் பலன். இல்லாமல் ஓடி விழுந்தால் காப்புறுதி கை விரித்துவிடும்.

8. கட்டுநாயக்காவுக்கும், அங்கிருந்து படுக்கைக்கும்

கோட்டையிலிருந்து 187 பஸ் விமான நிலையத்துக்குப் போகிறது. பகலில் அதுதான் மலிவு. நடுச்சாம விமானம் என்றால் பஸ்ஸை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிக்மீ செயலியில் வண்டி பிடியுங்கள். மூன்று மணி நேரம் முன்பே நில்லுங்கள்.

பாங்கொக்கில் இரண்டு விமான நிலையம், டொன் முவாங், சுவர்ணபூமி. மலிவு விமானங்கள் பெரும்பாலும் டொன் முவாங்கில் இறங்கும். வெளியே ஏ1 பஸ் 30 பாத்துக்கு மோ சிட் ரயில் நிலையத்துக்கும், ஏ4 பஸ் 50 பாத்துக்குக் காவோ சான் வீதிக்கும் போகிறது. சுவர்ணபூமியில் இறங்கினால் விமான நிலைய ரயிலில் பாயா தாய் வரை 45 பாத். டாக்ஸிக்காரர் கூப்பிட்டால் சிரித்துவிட்டு நடவுங்கள்.

டோர்ம் படுக்கை 250 முதல் 500 பாத். இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய பதிவாக எடுங்கள், பூட்டு ஒன்று கொண்டு போங்கள். முதல் மூன்று இரவுக்கு மேல் முன்பதிவு செய்ய வேண்டாம், பிடிக்காத இடத்தில் கட்டுண்டு கிடப்பீர்கள்.

சியாங் மாய்க்கு இரவு ரயிலில் போங்கள். இரண்டாம் வகுப்புப் படுக்கை 1,000 பாத் அளவில், ஒரு இரவு ஹொஸ்டல் காசும் மிச்சம். கவனம், பழைய வழிகாட்டிகளில் ஹுவா லம்போங் நிலையம் என்று இருக்கும். 2023 ஜனவரியிலிருந்து தூர ரயில்கள் குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. நான் ஹுவா லம்போங்கில் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி என் டிக்கெட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்க ஓடி ஏறினேன்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம், வீதியோரத்தில் ஒரு பிளேட் 50 முதல் 80 பாத். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம், கீரை வறுவலுக்குள்ளும் மீன் சோஸ் ஊற்றுவார்கள். ‘ஜே’ என்று சொல்லுங்கள், மஞ்சள் கொடி தொங்குகிற கடையைத் தேடுங்கள். எங்கள் சாப்பாடு தேடிக் களைத்த ஒரு நாள் பாங்கொக்கில் சீலோம் பக்கம் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். வாசலில் மாலை கட்டுகிறவர்களைப் பார்த்ததும் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

9. திரும்புகிற நாள்

கடைசி நாளுக்கு 500 பாத் தனியாக எடுத்து வையுங்கள். விமான நிலையம் போகவும், பசிக்கும் அது போதும். பையைத் திரும்ப நிறுத்துப் பாருங்கள், போகும்போது இருந்த 7 கிலோ வரும்போதும் 7 கிலோதான். வீட்டுக்கு என்று வாங்கிய துரியன் மிட்டாயும் நிறைதான். மிச்சத் தாள்களைக் கொழும்பில் மாற்றலாம். நாணயத்தை ஒருவரும் எடுக்கமாட்டார்கள், அதை அங்கேயே தண்ணீர் போத்தலுக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள். என் மேசை லாச்சியில் இன்னும் 43 பாத் கிடக்கிறது.